2.405 எங்கிருந்து வந்தது சார்?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கோபத்தில் எழுதுவது. நடுவில் கொஞ்சம் கணக்கு வரும். கணக்கு என்றாலே அலர்ஜி என்கிற மக்கள் அந்த இடத்தைத் தாண்டிக்கொண்டு போகலாம். ஆனால் சண்டை உங்களுக்கும் சேர்த்துத்தான் போடுகிறேன் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

போன செமஸ்டர். ஆப்டிகல் கம்யூனிகேஷன் வகுப்பு. கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரே ஒரு மோடில் மட்டும் போகவேண்டும் என்றால் வி நம்பர் 2.405-க்குக் கீழே இருக்கவேண்டும் என்று போர்டில் எழுதினார்கள். நான் கை தூக்கினேன்.

"சார், இந்த 2.405 எங்கிருந்து வந்தது?"

"அது ஸ்டாண்டர்ட் வேல்யூப்பா. அப்படியே எழுது. ரெண்டு மார்க்."

வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன் (வேறு என்ன செய்ய, ஹி ஹி). ஆனால் அந்த எண்ணை எனக்கு ஏற்கெனவே தெரியும். அதற்கு முந்தைய வருடம் எஃப்எம் படிக்கும்போது, மாடுலேஷன் இண்டெக்ஸ் 2.405 ஆகும்போது கேரியர் மறைந்துவிடும் என்று ஒரு வரி இருந்தது. அதையும் அப்படியே எழுதினேன், அதற்கும் ரெண்டு மார்க். வட்டமான வேவ்கைடு வந்தபோது டிஎம்-01 மோடுக்கு ஓர் அட்டவணை கொடுத்தார்கள். அதிலும் முதல் எண் 2.405. பேனாவை வைத்துவிட்டு ஙே என்று முழித்தேன். ஒரே ஆள் மூன்று ஊரில் மூன்று பெயரில் குடியிருந்தால் போலீஸ்காரர் சந்தேகப்படுவாரா இல்லையா? நான்கு வருட இன்ஜினியரிங் படிப்பில் யாருக்குமே சந்தேகம் வரவில்லை.

விஷயம் இதுதான். பெசல் சார்பு என்று ஒன்று இருக்கிறது. அதில் ஜே-0 என்கிற முதல் சார்பை வரைந்தால், 1-ல் தொடங்கி இறங்கி, கோட்டைக் கடந்து கீழே போய், மறுபடி மேலே வந்து, அலை மாதிரி அடங்கிக்கொண்டே போகும். அது முதன்முதலாகக் கோட்டைக் கடக்கும் இடம் 2.405. அவ்வளவுதான் ரகசியம். இதைச் சொல்ல ஒரு நிமிடம் ஆகும். சொல்வதற்குத்தான் ஆள் இல்லை.

எங்கள் ஊரில் மேளச் சத்தத்துக்குப் பஞ்சமே இல்லை. வைகாசியில் வரதராஜப் பெருமாள் கருட சேவை அன்றைக்கு விடியற்காலையில் வந்து பாருங்கள். அந்தக் கூட்டத்தில் நின்றுகொண்டு என்றைக்காவது யோசித்திருக்கிறீர்களா, கம்பி வாத்தியத்தில் சுருதி தெளிவாகக் கேட்கிறது, வெறும் தோலை இழுத்துக் கட்டி அடித்தால் ஏன் 'தொம்' என்று மட்டும் கேட்கிறது என்று? கம்பியின் அதிர்வுகள் 1, 2, 3, 4 என்று முழு எண் மடங்குகளில் வரும். வட்டத் தோலில் அப்படி வராது. எங்கும் ஒரே கனமுள்ள தோல் என்றால் அதன் அதிர்வுகள் 1, 1.59, 2.14, 2.30, 2.65, 2.92 என்று கோணல்மாணலாக வரும். இந்த எண்கள் எல்லாமே பெசல் சார்புகள் கோட்டைக் கடக்கும் இடங்களை 2.405-ஆல் வகுத்துக் கிடைப்பவை. உதாரணமாக ஜே-1 கடப்பது 3.832-ல். வகுத்துப் பாருங்கள், 1.59 வரும். இந்தத் தோல் கணக்கை 1760-களிலேயே ஆய்லர் போட்டுவிட்டார். பெசல் வந்து (அவர் ஒரு வானியல்காரர், கோள்களின் ஓட்டத்தைக் கணக்குப் போட்டவர்) 1824-ல் முறைப்படி எழுதியதால் பெயர் அவருக்குப் போனது.

சரி, அப்படியென்றால் மிருதங்கம் எப்படிச் சுருதி சேர்கிறது? அதுவும் வட்டத் தோல்தானே? இங்கேதான் நம்ம ஆள் வருகிறார். திருச்சியில் பிறந்த சி.வி.ராமன், சிவகாளி குமார் என்பவரோடு சேர்ந்து 1920-ல் நேச்சர் இதழில் இதைப் பற்றி எழுதினார். பிறகு 1934-ல் விரிவாக ஒரு கட்டுரை. வலந்தலையின் நடுவில் வட்டமாக அப்புகிற அந்தக் கறுப்பு மருந்து தோலின் நடுப்பகுதியைக் கனமாக்குகிறது. அந்தக் கனம் மேலே சொன்ன கோணல் எண்களை இழுத்துக்கொண்டு வந்து முழு எண்களில் உட்கார வைக்கிறது. முதல் ஒன்பது அதிர்வு வகைகளும் ஐந்தே ஐந்து ஒத்திசைச் சுருதிகளாகச் சேர்ந்துவிடுகின்றன என்று ராமன் அளந்து காட்டினார். தோலின் மேல் மணல் தூவி, அது எங்கே ஒதுங்குகிறது என்று பார்த்துச் செய்த வேலை. மருந்து வைத்தவர்கள் காதாலேயே இதைக் கண்டுபிடித்து எத்தனையோ தலைமுறை ஆகியிருந்தது, அது வேறு விஷயம்.

இதை எந்த வாத்தியாராவது வகுப்பில் சொல்லியிருந்தால் ஒருத்தனாவது தூங்காமல் இருந்திருப்பானா இல்லையா?

இப்போது எஃப்எம்முக்கு வருகிறேன். தோலும் இல்லை, குழாயும் இல்லை, அங்கே எப்படி அதே எண்? இதற்குப் பதில் காம்ப்ளெக்ஸ் அனாலிசிஸில் இருக்கிறது, அதுவும் லாரன்ட் தொடரில். 'இ' என்ற எண்ணுக்கு ஓர் அடுக்கு போடுங்கள். அந்த அடுக்கு: எக்ஸில் பாதியை, (டி கழித்தல் டி-யின் தலைகீழ்) என்பதால் பெருக்கியது. இதை டி-யின் அடுக்குகளாக விரித்தால் நேர் அடுக்குகளும் வரும், எதிர் அடுக்குகளும் வரும். ஒவ்வொரு அடுக்குக்கும் முன்னால் நிற்கிற கெழு இருக்கிறதே, அதுதான் பெசல் சார்பு. டி-யின் பூஜ்ஜிய அடுக்குக்கு முன்னால் ஜே-0, முதல் அடுக்குக்கு முன்னால் ஜே-1, இப்படியே போகும். இனி டி-யை அலகு வட்டத்தின் மேல் சுற்ற விடுங்கள். சுற்ற விட்டதும் அந்தச் சார்பு எஃப்எம் அலையாகிவிடுகிறது! நேர் அடுக்குகள் மேல் சைட்பேண்டுகள். எதிர் அடுக்குகள் கீழ் சைட்பேண்டுகள். பூஜ்ஜிய அடுக்கு கேரியர். எக்ஸ் என்பது மாடுலேஷன் இண்டெக்ஸ். அது 2.405 ஆனதும் ஜே-0 பூஜ்ஜியம் ஆகிறது, கேரியர் காணாமல் போகிறது. எஃப்எம் கருவியின் டீவியேஷனைச் சரிபார்க்க, ஸ்பெக்ட்ரம் அனலைசரில் கேரியர் எப்போது மறைகிறது என்று பார்ப்பார்கள். அந்த முறையின் ஆதாரம் முழுக்க இந்த ஒரு பத்திதான்.

இதை முதல்முறை நானே பேப்பரில் போட்டு முடித்தபோது ராத்திரி ஒன்றரை மணி. சத்தியமாகச் சொல்கிறேன், மயிர்க்கூச்செறிந்தது. அடுத்த நிமிடமே கோபமும் வந்தது. இதை நான் ஏன் கடைசி வருடத்தில், தனியாக, அக்காவின் பழைய நோட்டை வைத்துக்கொண்டு படிக்கவேண்டும்?

அக்காவின் நோட்டு என்று சொன்னேன் இல்லையா... அங்கேதான் கதை இருக்கிறது. அக்காவும் இசிஇ. அவள் படித்தது அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ஒழுங்குமுறையில். அதில் எல்லா பிராஞ்சுக்கும் இரண்டாவது செமஸ்டரில் எம்-2 உண்டு. ஐந்து யூனிட்டில் இரண்டு யூனிட் காம்ப்ளெக்ஸ்: ஒன்று அனலிடிக் ஃபங்ஷன்ஸ், இன்னொன்று காம்ப்ளெக்ஸ் இன்டக்ரேஷன். நான் படிப்பது 2021 ஒழுங்குமுறையில். இரண்டாவது செமஸ்டர் கணக்கு, புள்ளியியலும் நியூமரிக்கல் மெத்தட்ஸும் ஆகிவிட்டது. காம்ப்ளெக்ஸ் பகுதி டிரிபிள்-இ பசங்களுக்கு மூன்றாவது செமஸ்டருக்குப் போனது. இசிஇ-க்கு அந்த இடத்தில் ரேண்டம் பிராசஸும் லீனியர் அல்ஜீப்ராவும். ஆக, சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸில் இசட் தளத்தில் போல், ஜீரோ எல்லாம் குறிக்கவேண்டிய நாங்கள், அலைகளையே பிழைப்பாகக் கொண்ட நாங்கள், காம்ப்ளெக்ஸ் சார்பு என்றால் என்ன என்று ஒரு மணி நேரம்கூடப் படிக்காமல் வெளியே வருகிறோம்.

புள்ளியியல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. லீனியர் அல்ஜீப்ரா இல்லாமல் இன்றைக்கு எதுவும் நடக்காது. அவற்றுக்கு இடம் கொடுத்ததில் தப்பில்லை. யாருடைய இடத்தை எடுத்துக் கொடுத்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

'அந்தக் காலம் பொற்காலம்' என்று எழுதப் போகிறேன் என்று நினைக்காதீர்கள். அக்காவுக்கு எம்-2-ல் மூன்று முறை அரியர். பிளஸ் டூ வரை தமிழ் மீடியத்தில் படித்து, கணக்கில் நல்ல மார்க் வாங்கியவள். நான்காவது முறை எப்படிப் பாஸ் பண்ணினாள் தெரியுமா? "காரணம் தேடாதே, ஸ்டெப்பை மனப்பாடம் பண்ணு" என்று ஒரு சீனியர் சொன்னதைக் கேட்டு. மில்ன்-தாம்சன் முறை: எக்ஸுக்குப் பதில் இசட் போடு, ஒய்க்குப் பதில் பூஜ்ஜியம் போடு, இன்டக்ரேட் பண்ணு, 13 மார்க். ஏன் ஒய்யைப் பூஜ்ஜியம் ஆக்கலாம்? தெரியாது. எங்கள் வாத்தியார்கள் பலருக்கும் தெரிந்திருக்கும், சொல்ல நேரம் இல்லை. (கோட்டின் மேல் ஒரு அனலிடிக் சார்பு தெரிந்துவிட்டால் தளம் முழுக்க அது தீர்மானமாகிவிடும். அதனால்தான் ஒய்யைத் துணிந்து பூஜ்ஜியம் ஆக்குகிறோம். இந்தப் பாடத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது, அதைத்தான் விட்டுவிட்டார்கள்.)

அதே நோட்டில் இன்னொரு கணக்கு. 1, ஐ, −1 என்ற மூன்று புள்ளிகளை ஐ, 0, −ஐ என்ற புள்ளிகளுக்குக் கொண்டுபோகிற பைலீனியர் டிரான்ஸ்ஃபர்மேஷன் கண்டுபிடி. இன்ஜினியரிங் படித்த எல்லா அண்ணன் அக்காமார்களும் இந்தக் கணக்கைப் பார்த்திருப்பார்கள். அக்கா இதைக் குறைந்தது முப்பது முறை போட்டிருக்கிறாள். இரண்டு வருடம் கழித்து டிரான்ஸ்மிஷன் லைன் பேப்பருக்கு ஸ்மித் சார்ட்டும் வரைந்திருக்கிறாள். இரண்டும் ஒன்றே என்று நான் போன மாதம் சொன்னபோதுதான் அவளுக்குத் தெரியும்.

ஆமாம் மக்களே, ஒன்றேதான். இம்பீடன்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள், அதில் 1 கழித்ததை, 1 கூட்டியதால் வகுத்தால் ரிஃப்ளக்ஷன் கோஎஃபிஷியன்ட். அது ஒரு பைலீனியர் மாற்றம். வலது பக்கத்து அரைத்தளம் முழுவதும், முடிவிலி வரைக்கும், ஒரே ஒரு வட்டத்துக்குள் வந்து அடங்கிவிடும். பைலீனியர் மாற்றம் நேர்கோட்டையும் வட்டத்தையும் வட்டமாகவோ கோடாகவோதான் மாற்றும் என்பதால்தான் ஸ்மித் சார்ட் முழுக்க வட்டங்கள். பெல் லேப்ஸில் இருந்த ஃபிலிப் ஸ்மித் 1939-ல் அதை வெளியிட்டார். எங்கள் காலேஜ் எதிரே ஜெராக்ஸ் கடையில் இப்போதும் கிடைக்கிறது.

"அண்ணே, ஸ்மித் சார்ட் ரெண்டு குடுங்க."

"பிரிண்ட் எடுத்ததா, ஜெராக்ஸா?"

"எது சீப்போ அது."

எங்களைப் பொறுத்தவரை ஸ்மித் சார்ட் என்றால் இவ்வளவுதான்.

அக்காவுக்குக் காரணம் சொல்லாமல் பாடம் எடுத்தார்கள். எனக்குப் பாடத்தையே எடுத்துவிட்டார்கள். ஒரே வீட்டில் இரண்டு அநியாயம்.

இதைச் சொன்னால் உடனே நாலு பக்கத்திலிருந்தும் பதில் வரும். "வேலைக்குப் போனா இதெல்லாம் எங்க மச்சி யூஸ் ஆகப்போகுது?" என்பான் ஒருத்தன். அவனுக்கு மேலேயே பதில் சொல்லிவிட்டேன். அவன் கையில் இருக்கும் போனின் ஆன்டெனாவை மேட்ச் பண்ணுகிறவனும், தெருவில் கேபிள் தோண்டிப் போட்ட கண்ணாடி இழையை டிசைன் பண்ணுகிறவனும் உலகத்தில் எங்கேயோ இருக்கிறார்கள். நாம் ஏன் அவர்களாக இருக்கக்கூடாது என்பதுதான் கேள்வி. "சாஃப்ட்வேர் போட்டுத் தரும்" என்பான் இன்னொருத்தன். தரும். பெசல் சார்பு வேண்டுமா, மேட்லாபில் ஒரே வரி. எங்கள் வீட்டில் அப்பா நெய்கிற தறியிலும் ஜக்கார்டு பெட்டி இருக்கிறது. அட்டை சுற்றச் சுற்ற டிசைன் தானாக விழும். ஆனால் பாதிப் புடவையில் கொடி எங்கேயோ கோணிப்போனால், எந்த அட்டையில் எந்த ஓட்டை தப்பு என்று அப்பாவுக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரியும். புதிதாக வந்த பையன் அட்டை குத்தியவரைக் கூப்பிட ஓடுவான், அன்றைக்குத் தறி நிற்கும். அப்பா பத்தாவது வரைதான் படித்தவர். பி.இ. படித்த என்னை ஓடுகிற பையனாகத்தான் தயார் பண்ணுகிறார்கள்.

இன்னொருத்தன் கேட்டது கொஞ்சம் சுவாரசியமான கேள்வி. "ராமானுஜன் மட்டும் என்ன, காலேஜ்ல காம்ப்ளெக்ஸ் அனாலிசிஸ் படிச்சாரா?"

படிக்கவில்லை. அதற்கு அவர் விலை கொடுத்தார். பள்ளிக்கூட வயதில், 1903 வாக்கில், கும்பகோணத்தில் அவர் கைக்கு வந்தது கார் என்பவர் எழுதிய புத்தகம். கேம்பிரிட்ஜ் பரீட்சைக்கு டியூஷன் எடுத்தவர் தொகுத்தது. ஏறக்குறைய 5000 முடிவுகள், நிரூபணம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. நம்ம பாஷையில் சொன்னால் கைடு! அந்தக் கைடிலிருந்து அவர் தொட்ட உயரம் உலகத்துக்கே தெரியும். 1906-லும் 1907-லும் சென்னைப் பச்சையப்பன் கல்லூரி வழியாக எஃப்.ஏ. பரீட்சை எழுதித் தோற்றதும் தெரியும். (எங்கள் ஊரிலும் ஒரு பச்சையப்பன் இருக்கிறது, அது அப்புறம் வந்தது.) அதிகம் பேசப்படாத விஷயம் வேறு. 1913 ஜனவரியில் அவர் ஹார்டிக்கு எழுதிய முதல் கடிதத்திலேயே பகா எண்களைப் பற்றிப் பேசுகிறார். ஓர் எண்ணுக்குக் கீழே எத்தனை பகா எண்கள் என்பதற்குத் தன்னிடம் இருக்கும் சூத்திரம் கிட்டத்தட்டத் துல்லியம் என்று நம்பினார். அது தப்பு. ஜீட்டா சார்புக்குக் கலப்பெண் தளத்தில் இருக்கும் பூஜ்ஜியங்கள் அந்தக் கணக்கைக் குலுக்கிப்போடும் என்பது அவருக்குத் தெரியாது. காம்ப்ளெக்ஸ் சார்புகளின் கோட்பாடு தெரியாததுதான் அவருடைய பகா எண் வேலையைக் கெடுத்தது என்று ஹார்டியே எழுதியிருக்கிறார். கோஷி தேற்றம் வந்து அப்போது எண்பது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. கும்பகோணத்துக்கு மட்டும் அது வந்து சேரவில்லை.

ராமானுஜனுக்கே அது இல்லாததால் சறுக்கியது என்றால், எனக்கும் உனக்கும் எதற்கு என்று கேட்கிறவனை நான் என்ன சொல்ல?

இந்த மூன்று பேர் மேலும் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. நான்காவது பதில்தான் வயிற்றெரிச்சலைக் கிளப்புகிறது. ரொம்ப அன்பாகச் சொல்வார்கள். "இந்தப் பக்கத்துப் பசங்க, ஃபர்ஸ்ட் கிராஜுவேட், தமிழ் மீடியம். இவ்வளவு அப்ஸ்ட்ராக்டா குடுத்தா அரியர்தான் விழும். பாவம்." நான் காதால் கேட்டது இது, சொன்னவர் நல்ல மனிதர்தான். ஐயா, எங்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு அரசுப் பாடநூலில் கலப்பு எண்கள் என்று ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது. ஆர்கன் தளம், டி மாய்வர் தேற்றம், ஒன்றின் மூலங்கள் எல்லாம் தமிழில் படித்து, போட்டு, மார்க் வாங்கிவிட்டுத்தான் உங்கள் வாசலுக்கு வந்தோம். வாசல் வரை நடந்து வந்தவனைப் பார்த்து, உனக்கு நடக்கக் கஷ்டமாக இருக்கும் என்கிறீர்கள். அக்காவுக்கு அரியர் விழுந்தது பாடம் கஷ்டம் என்பதாலா, காரணத்தைச் சொல்லாததாலா? இதை யாராவது அவளிடம் கேட்டார்களா?

இந்தப் பாவம் பார்ப்பதற்குப் பில் வேறு இருக்கிறது. கேட் தேர்வின் இசிஇ பாடத்திட்டத்தை எடுத்துப் பாருங்கள். காம்ப்ளெக்ஸ் அனாலிசிஸ் இருக்கிறது: கோஷி தேற்றம், டெய்லர் தொடர், லாரன்ட் தொடர், ரெசிட்யூ தேற்றம் எல்லாம். எம்.டெக். போகவேண்டும் என்றாலும், கேட் மார்க் பார்த்து ஆள் எடுக்கிற அரசு நிறுவனத்துக்குப் போகவேண்டும் என்றாலும் அது தெரிய வேண்டும். வகுப்பில் இல்லாத பாடம் எங்கே போயிற்று? கோச்சிங் சென்டருக்குப் போயிற்று. சென்னையில் ஒரு இடத்தில் ஃபீஸ் விசாரித்தேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த பாவுக்கு எப்போது ஆள் வரும் என்று அம்மாவிடம் கேட்டார். எத்தனை புடவைக் கூலி அது என்று அவர் மனசுக்குள் கணக்குப் போட்டது எனக்குத் தெரியும். நான் சேரவில்லை. காசு இருக்கிற வீட்டுப் பிள்ளைக்குப் பாடத்திட்டத்தில் எது இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? வகுப்பறையில் இலவசமாகக் கிடைக்கவேண்டியதை எடுத்தால் அது குறைவது எங்கள் வீட்டில்தான்.

நான் கேட்பது ஒன்றும் மலையைப் புரட்டுகிற காரியம் இல்லை. இசிஇ-க்குப் பன்னிரண்டு மணி நேரம் கொடுங்கள் போதும். ஒரு யூனிட். மில்ன்-தாம்சன் வேண்டாம், விதவிதமான காண்டூரில் இருபது கணக்கு வேண்டாம். அனலிடிக் என்றால் என்ன, லாரன்ட் தொடர், ரெசிட்யூ, ஒரு பைலீனியர் மாற்றம், அதன் முடிவில் ஜே-0. ஸ்மித் சார்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடத்துங்கள், ஒரு மிருதங்கத்தை வகுப்புக்கு எடுத்து வாருங்கள். எங்கள் ஊரில் வாத்தியம் கிடைக்காதா என்ன? பரீட்சையில் ஸ்டெப்புக்கு மார்க் போடுவது போல, 'ஏன்' என்பதற்கும் இரண்டு மார்க் போடுங்கள்.

அதுவரை? அக்காவும் நானும் ஆரம்பித்துவிட்டோம். போன வாரம் அந்தப் பிரபலமான கணக்கு: 1-ன் கீழ் 13 கூட்டல் 5 சைன் தீட்டா, பூஜ்ஜியத்திலிருந்து இரண்டு பை வரை. விடை பை பை ஆறு. (சிரிக்காதீங்க, தமிழில் எழுதினால் அப்படித்தான் வரும்.) மூன்று முறை அரியர் வைத்தவள், எந்தப் போல் வட்டத்துக்கு உள்ளே, எது வெளியே என்று படம் போட்டுவிட்டு, "இவ்ளோதானாடா?" என்று கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு, பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டு மாடியில் உட்காருகிறோம். கீழே தறிச் சத்தம் இருக்கும், பழகிவிடும். வகுப்புப் பசங்களுக்கு வீடு தெரியும். இந்த வாரம் லாரன்ட் தொடர். ஆளுக்கு ஒரு ஸ்மித் சார்ட் வாங்கி வந்துவிடுங்கள், ஜெராக்ஸே போதும்.